தம்பியின் கொப்பியில் என் கையெழுத்து

இந்தக் கட்டுரையில் என் தம்பியின் பெயர் வராது. போடக் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னாலும் அது நியாயமான நிபந்தனைதான். ஆகவே அவன் இங்கே தம்பி மட்டுமே.

அவன் மூன்றாம் தரத்தில் இருந்தபோது ஒரு நாள் உம்மாவும் நானும் அவனுடைய வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனோம். வாப்பா கட்டாரில் வேலை செய்வதால் இப்படியான இடங்களுக்கு உம்மாவுக்குத் துணை நான்தான். “புள்ளைக்கு வாசிக்க வருகுதில்ல டீச்சர், என்ன செய்யலாம்?” என்று உம்மா கேட்டார். டீச்சர் மேசையிலிருந்த கொப்பிக் கட்டைப் பிரித்து, தம்பியின் தமிழ்க் கொப்பியை எடுத்து விரித்தார். “நீங்களே பாருங்க. வீட்டு வேலையெல்லாம் ஒரு பிழையுமில்லாமச் செஞ்சிட்டு வாறார். வகுப்பில எழுதச் சொன்னாத்தான் ஏலா. இது சோம்பல், வேற ஒண்டுமில்ல.” பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று இருந்தது.

அந்த வீட்டு வேலைகளை எழுதியது நான்.

மஃரிபுக்குப் பிறகு கொப்பியை விரித்தால் அவனுக்குக் கண்ணீர் வந்துவிடும். ஐந்து வரி எழுத இஷாவும் ஆகிவிடும். அவன் அழுவதைப் பார்க்க ஏலாமல், ஒரு நாள் மட்டும் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். பிறகு அது இரண்டு வருடப் பழக்கமாகிவிட்டது. சின்னப் பிள்ளையின் எழுத்துப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக இடக் கையால் எழுதுவேன். அது பெரிய கெட்டித்தனம் என்று அப்போது எனக்கு நினைப்பு. டீச்சரின் முன்னால் நின்றபோதுதான் விளங்கியது: தம்பிக்கு உதவி தேவையில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்துத்தான். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. உம்மா மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பிக்கு ஏச்சு.

எமது பாடசாலையிலும் தம்பி, தங்கைமாருக்காகக் கொப்பி எழுதும் ராத்தாமார் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அந்த வீடுகளின் உம்மா, வாப்பாமாருக்காகவும், அதன் பிறகு நாங்கள் அறிந்துகொண்டவற்றையும், எங்கெங்கே பிழைவிட்டோம் என்பதையும் எழுதுகிறேன்.

தம்பி மடையன் அல்லன் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குர்ஆன் மத்ரஸாவில் அம்ம ஜுஸ்உவின் பெரும் பகுதியை அவன் மனனமிட்டிருந்தான். வாப்பா அனுப்பும் குரல் பதிவை ஒரு தரம் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் மௌலவி குர்ஆனைத் திறந்து ஓர் ஆயத்தின் மேல் விரலை வைத்து “இதை ஓது” என்றால் அவனுக்கு ஓடாது. சூராவின் முதலிலிருந்து தொடங்கி, அந்த இடம் வரும்வரை மனதால் ஓதிக்கொண்டே போவான். காதால் நுழைந்தது நிற்கிறது, கண்ணால் நுழைவது நிற்கவில்லை. இந்த வித்தியாசத்தை நாங்கள் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதே வித்தியாசத்தை 1896 இல் ஒரு வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் இருந்த பிரிங்கிள் மோர்கன் என்பவர், பேர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி ‘பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை’யில் எழுதினார். பேர்சி புத்திசாலி, விளையாட்டிலும் குறைவில்லாதவன், கண் பார்வையும் நல்லது. எத்தனை வருடம் கற்பித்தும் வாசிக்க மட்டும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரேசி’ என்று எழுதினானாம். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் அந்த வைத்தியர் குறித்திருக்கிறார். அதை அறிந்தபோது, நூறு வருடத்துக்கு முன்பே எங்கள் தம்பியை யாரோ பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது.

இதற்கு இன்று வழங்கும் பெயர் டிஸ்லெக்சியா. தமிழில் வாசிப்பு இடர்பாடு என்கிறார்கள். கற்றல் இடர்பாடுகள் என்று சொல்லப்படுபவற்றில் இது ஒன்று. இதற்கும் புத்திக்கும் தொடர்பில்லை. எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன என்று பலர் நினைக்கிறார்கள்; அதுவும் சரியில்லை. சிக்கல் பெரும்பாலும் ஒலியில்தான் இருக்கிறது. ஒரு சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்பதும், ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய எழுத்தோடு சட்டென்று பொருத்துவதும் எமக்குப் பழகப் பழகத் தானாக நடக்கும் வேலைகள். இந்தப் பிள்ளைகளுக்கு அது தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கணக்கு. அதனால்தான் ஒரு பந்தி வாசித்தவுடன் களைத்துவிடுகிறார்கள். களைப்பைப் பார்க்கும் பெரியவர்கள் அதைச் சோம்பல் என்கிறார்கள்.

தமிழ் எழுத்தில் இது எப்படித் தெரியும் என்பதை நான் தம்பியின் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் அறிந்தேன். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. ‘கொ’ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தம்பியோ கொய்யாவைக் ‘கெய்யா’ என்றும் ‘காய்யா’ என்றும் எழுதுவான். குறியின் ஒரு பக்கம்தான் அவன் பிடிக்குள் நிற்கும். ஒரே ககரம் கடலில் ஒரு விதமாகவும், தங்கத்தில் ஒரு விதமாகவும், மகனில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கிறது. போதாததற்கு எமது ஊர்ப் பேச்சு. நாம் மழையையும் ‘மளை’ என்கிறோம், பழத்தையும் ‘பளம்’ என்கிறோம். அப்படியிருக்க எந்த இடத்தில் ழகரம், எந்த இடத்தில் ளகரம் என்பதைக் காது சொல்லிக் கொடுக்காது. கண்தான் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கண்ணின் நினைவுதான் அவனுக்குக் கை கொடுக்காத ஒன்று.

இன்னொன்றும் உண்டு. எமது பிள்ளைகள் ஆரம்ப வகுப்பிலேயே நான்கு வகை எழுத்துகளோடு பழக வேண்டும்: தமிழ், சிங்களம், ஆங்கிலம், மத்ரஸாவில் அறபு. முதல் மூன்றும் இடமிருந்து வலம், அறபு வலமிருந்து இடம். நான்கு எழுத்துப் படிப்பதால் வாசிப்பு இடர்பாடு உண்டாவதில்லை. எத்தனையோ பிள்ளைகள் நான்கையும் சுகமாகப் படிக்கிறார்கள். ஆனால் இடர்பாடு உள்ள பிள்ளைக்கு அதே சுமை நான்கு மடங்கு. காலையில் பாடசாலையில் ஏச்சு, பின்னேரம் மத்ரஸாவில் ஏச்சு, இரவு வீட்டில் ஏச்சு. ஒரு நாளில் ஏச்சு விழாத இடம் அவனுக்கு விளையாட்டுத் திடல் மட்டும்தான்.

ஏன் இவ்வளவு காலம் யாரும் கவனிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதலாம் தரத்தில் பிள்ளை சேர்ந்தவுடன், எழுத்தைத் தொடங்கும் முன் சில வாரங்கள் விளையாட்டுகளாலும் செயற்பாடுகளாலும் பிள்ளையை இனங்காணும் ஒரு திட்டம் எமது பாடசாலைகளில் உண்டு. யாருக்குப் பேச்சில் சிரமம், யாருக்குக் கேட்பதில் சிரமம் என்பதையெல்லாம் ஆசிரியை அப்போது குறித்துக்கொள்வார். தம்பி முதலாம் தரத்தில் சேர்ந்தது 2021 இல். அந்த வருடத்தின் பெரும் பகுதி கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அதன் பிறகு எவரிடம் கேட்டாலும் ஒரே பதில்: “கொரோனாக் காலத்துப் புள்ளைகள் எல்லாம் இப்படித்தான், போகப் போகச் சரியாகும்.” பல பிள்ளைகளுக்குச் சரியானதும் உண்மை. எங்கள் மூத்தம்மா தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அதில் ஒரு குறையுமில்லை, தம்பியும் குடித்தான். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்ததில் இன்னொரு வருடம் போய்விட்டது.

கொப்பிச் சம்பவத்துக்குப் பிறகு உம்மா அவனை அரச ஆஸ்பத்திரி ஒன்றின் சிறுவர் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். கையில் ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனால், “என்ன வருத்தம்?” என்று கேட்டார்கள். “படிக்கிறானில்ல” என்றார் உம்மா. காய்ச்சலோடும் இழுப்போடும் பிள்ளைகள் வெளியே வரிசையாகக் காத்திருக்கும்போது, படிக்கிறானில்லை என்பது அங்கே ஒரு வருத்தமாக எடுபடவில்லை. விற்றமின் எழுதித் தந்தார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர்கள் பார்ப்பதற்கு நாங்கள் எதையும் கொண்டுபோகவில்லையே என்று படுகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒரு ஃபைல். எங்களுடையது நீல நிறம், பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள கடையில் வாங்கியது. அதற்குள் பிள்ளை பிறந்தபோது கிளினிக்கில் தந்த சுகாதாரப் பதிவேட்டை வைத்தோம்; எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எல்லாத் தவணைத் தேர்ச்சி அறிக்கைகளையும் வைத்தோம். கண்ணும் காதும் சரியா என்பதற்கான சீட்டுகளையும் வைத்தோம். இது மிக முக்கியம். சில பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியாததுதான் குறையாக இருக்கும். ஒரு கண்ணாடியோடு முடிந்துவிடும். சிலருக்குக் காதில் அடிக்கடி சீழ் வந்து கேட்கும் சக்தி குறைந்திருக்கும். பாடசாலைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனை தவறிப் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அனுப்பலாம். தம்பிக்குக் கண்ணும் காதும் பழுதில்லை என்று வந்தது.

ஃபைலில் கடைசியாக வைத்தவை மூன்று தாள்கள். தம்பி தானாக, என் கை படாமல் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலும் திகதியும், தொடங்கிய நேரமும், முடித்த நேரமும் குறித்தேன். ஐந்து வரிக்கு முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டியபின் அவன் வாயால் சொன்னதையும் போனில் பதிவு செய்துகொண்டோம். நாலு நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். எழுத்தையும் குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அதற்கு முன் நான் டீச்சரிடம் போக வேண்டியிருந்தது. தனியாகப் போய், அந்த ‘மிக நன்று’ எல்லாம் எனக்குரியவை என்று சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாப்பத்தொரு புள்ளைகள் மகள். அமைதியா இரிக்கிற புள்ளய நானும் பாக்கல்ல” என்றார். வகுப்பில் அவனைப் பற்றித் தான் கவனித்தவற்றை ஒரு தாளில் எழுதித் தந்ததும் அவர்தான். ஆசிரியையோடு சண்டை பிடித்துக்கொண்டு இந்தப் பாதையில் ஓர் அடி கூட வைக்க ஏலாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஃபைலோடு போனபோது கதை வேறு. கிளினிக்கிலிருந்து வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்து அனுப்பினார்கள். அங்கே போனால் கதவுக்கு மேல் ‘உளநலப் பிரிவு’ என்ற பலகை. உம்மா அப்படியே நின்றுவிட்டார். “எண்ட புள்ளைக்குப் பைத்தியமில்ல. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒனக்கும் மாப்புள கேட்டு வரமாட்டாங்க” என்றார். உம்மாமார் எல்லாருடைய பயமும் ஒரு வசனத்தில் அடங்கிவிட்டது. எனக்கு உடனே சொல்ல நல்ல பதில் எதுவும் வரவில்லை. “மாப்பிள்ளை வராட்டிப் பரவாயில்ல உம்மா, நம்பர் போகப் போகுது” என்றேன். உம்மா சிரித்துவிட்டார். உள்ளே போனோம்.

அந்த டொக்டர் தமிழில் பேசினார், அல்ஹம்துலில்லாஹ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாசிப்புப் பரிசோதனையைப் பிள்ளை படிக்கும் மொழியிலேயே செய்ய வேண்டும். தமிழ் மொழிமூலப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் மூலம் சோதித்தால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாது. போகும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை. மூன்று முறை வரச் சொன்னார். மூன்றாம் முறை, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் இருந்ததா என்று கேட்டார். இது பரம்பரையாக வரக்கூடியது என்றார். உம்மா, யாருமில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு வாப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பினோம். வழமையாக உடனே பதில் வரும். அன்று வரவில்லை. சுபஹுக்குப் பிறகு பதினொரு நிமிடப் பதிவு ஒன்று வந்திருந்தது. எட்டாம் வகுப்போடு தான் ஏன் பாடசாலையை விட்டார் என்பதை வாப்பா முதன்முறையாகச் சொல்லியிருந்தார். குடும்பக் கஷ்டம் என்றுதான் எங்களுக்கு இதுவரை தெரியும். “கஷ்டமும்தான். ஆனா வாசிக்கச் சொல்லி எழுப்பினா எனக்கு வேர்த்துக் கொட்டும் மகள்” என்றார். வாப்பா எங்களுக்கு ஒரு நாளும் எழுதி அனுப்பியதில்லை, எப்போதும் குரல்தான். நேரமில்லாததால் என்று நினைத்திருந்தோம். உம்மா அந்தப் பதிவை மூன்று தரம் கேட்டார். அதற்குப் பிறகு எந்தத் தாளில் கையொப்பமிடவும் அவர் தயங்கவில்லை.

இனி கடிதத்துக்கு வருகிறேன். வைத்தியர் தரும் அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பிள்ளையால் எது முடியும், எது சிரமம், பாடசாலை என்ன செய்யலாம் என்பவையும் இருக்க வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள். அந்த அறிக்கையின் பிரதியை இணைத்து அதிபருக்கு உம்மாவின் பெயரில் கடிதம் எழுதினோம். முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம், முழுக்கக் கவலை. எமது தமிழ் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, “கவலையை விடுங்க, என்ன வேணும் எண்டு எழுதுங்க” என்றார். கடைசியில் ஒரு பக்கம், ஐந்து கோரிக்கை: முன் வரிசையில் இருத்துவது, முன்னறிவித்தல் இல்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, சுற்றாடல், இஸ்லாம் பாடங்களில் வாய்மொழியாகவும் விடை கேட்பது, தவணைப் பரீட்சையில் கூடுதல் நேரம், வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரிக்கு விடயத்தை அறிவிப்பது. ‘உதவி செய்யவும்’ என்று மட்டும் எழுதினால் ‘செய்கிறோம்’ என்று பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும். ‘முன் வரிசை’ என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதியும் பாடசாலை முத்திரையும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அது மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

விசேட கல்வி என்ற சொல்லைக் கேட்டதும், ‘யூனிட்டுக்குப் போட்டுருவாங்க’ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு என்று தனி வகுப்பு இருப்பது உண்மை. அங்கே அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அந்த வகுப்பால் பயன்பெறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவதை நாம் முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் விசேட உதவி என்றால் தனி வகுப்பு என்று மட்டும் பொருளில்லை. தம்பியைப் பார்க்க வந்த அதிகாரி, அவன் தன் வகுப்பிலேயே இருக்கட்டும், கற்பிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

இது யாரும் இரக்கப்பட்டுத் தருவதும் அல்ல. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், ஒருவருடைய இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24 ஆம் உறுப்புரை, எல்லாப் பிள்ளைகளையும் உட்படுத்திய கல்வியைப் பற்றியது. அதே 2016 இல்தான் கட்டாயக் கல்வி வயதும் 5 முதல் 16 வரை என்று உயர்த்தப்பட்டது. பிள்ளை பதினாறு வயதுவரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அங்கே அவனுக்குக் கற்க வழியும் இருக்கத்தானே வேண்டும்! சட்டம் இருப்பதாலேயே கதவு திறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எமது கடிதத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு உம்மா அதிபரின் அறையில் கதிரையின் நுனியில் இருக்கவில்லை, நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

இந்தத் தாள்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சையிலும், பின்னர் சாதாரண தரத்திலும், விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குக் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்து கொடுக்கிறது. அதற்கு வைத்திய அறிக்கைகளோடு அதிபர் ஊடாக நேர காலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மாதம் ஓடித் திரிந்து பயனில்லை. மூன்றாம் தரத்திலிருந்து ஃபைலில் தாள் சேர்ந்திருந்தால், அது தானே பேசும்.

எங்கள் கதை எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐந்து கோரிக்கையில் மூன்று நடந்தன. கூடுதல் நேரம் ஒரு தவணைக்குக் கிடைத்தது, அடுத்த தவணைக்கு மறந்துவிட்டார்கள். நான்காம் தரத்துக்குப் போனதும் ஆசிரியை மாறினார். எங்கள் கடிதம் அலுவலக அலுமாரியில் பழைய ஃபைலுக்குள் தூங்கியது. முதல் வாரமே தம்பியை எழுப்பி வாசிக்கச் சொல்லி, வகுப்பு சிரித்து, அவன் வயிற்றுவலி என்று இரண்டு நாள் படுத்துக்கொண்டான். மறுபடியும் பிரதி எடுத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் புதிய ஆசிரியையின் கையில் நேரே கொடுக்க வேண்டும் என்பதை அப்படித்தான் படித்தோம். வலய அலுவலகத்துக்கு உம்மா நான்கு தரம் போயிருக்கிறார். ஒரு நாள் பஸ் காசுக்கு மூத்தம்மாவிடம் கடன்.

மத்ரஸாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மௌலவியிடம் விஷயத்தைச் சொல்ல உம்மாவுக்கு வெட்கம், ஆகையால் மூத்தம்மா போனார். மௌலவி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராம். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, சூரா அபஸவை ஓதச் சொன்னார். பார்க்காமல் முழுவதும் ஓதினான். அந்த சூரா யாருடைய விடயத்தில் இறங்கியது தெரியுமா என்று கேட்டு, கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைப் பற்றி வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்: அவர் மதீனாவில் அதான் சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்றபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததையும். அன்றிலிருந்து தம்பிக்குப் பாடம் முதலில் காதால், பிறகு கண்ணால். இதற்குக் கடிதமும் தேவைப்படவில்லை, முத்திரையும் தேவைப்படவில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு உங்கள் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ நீங்களே ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள். பிழையாக எழுதும் எல்லாப் பிள்ளைக்கும் இடர்பாடு இருப்பதில்லை. அதைப் பார்த்துச் சொல்ல அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது தினமும் இஷாவுக்கு முன் பதினைந்து நிமிடம் தம்பியும் நானும் இருப்போம். நான் எழுதுவதில்லை. எழுத்துகளை உப்புக் கடதாசியில் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். விரலால் தடவி, ஒலியைச் சொல்லி, பிறகு எழுதுவான். கொம்புக்குச் சிவப்பு நிறம், காலுக்குப் பச்சை. பதினைந்து நிமிடம் முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். பதினாறாவது நிமிடத்துக்கு அவனைப் பிடித்து வைக்க எவராலும் ஏலாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஃபைல் கடும் நீலம் என்று எழுத வேண்டுமாம். வயிற்றுவலி நிஜமாகவே இருந்ததாம். பிறகு, தலைப்பைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லி ஒரு தாள் வாங்கிக்கொண்டான். பத்து நிமிடம் எடுத்தது. ‘கொப்பியில்’ சரியாக வந்திருந்தது, இரண்டு பக்கமும் குறி நின்றது. ‘கையெழுத்து’ என்பதில் நடுக் கொம்பை விட்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், கிட்டப் பிடித்துப் பார்த்தான், வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

“ராத்தா, அழிரப்பர் எங்க?” என்றான்.